திருகோணமலையில் சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறவர்களுக்கு: காற்றைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

திருகோணமலையில் புதிதாகச் சைக்கிள் எடுக்கிறவர்கள் முதலில் மலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஊர்ப் பெயரிலேயே மலை இருப்பதால் வருகிற பயம் அது. ஆனால் இங்கே ஏற்றங்கள் எல்லாம் சின்னவை. பெடலை மிதிக்க மிதிக்க முடிந்துவிடும். ஆளைக் களைக்க வைப்பது காற்று. அதோடு சேர்ந்து அடிக்கிற வெயில்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தை மாதக் காலையில். கிண்ணியாப் பக்கம் போனேன். சைக்கிள் தானாக ஓடுவது போல் இருந்தது. முக்கால் மணித்தியாலத்தில் பாலத்தடியில் நின்றேன். என் கால்கள் பலமாகிவிட்டன என்று நம்பினேன். திரும்பியபோதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் வாடைக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கிறது என்று. அதே பதினெட்டுக் கிலோமீற்றரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க இரண்டு மணித்தியாலம் சென்றது. தண்ணீர் பாதி வழியிலேயே முடிந்திருந்தது.

ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் படி, சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் வாசலில் நின்று தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது. போகும்போது எதிர்காற்றும் வரும்போது பின்காற்றும் இருக்கிற வழியைத் தேர்ந்தெடுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போது காற்றோடு போராடலாம். களைத்தபின் போராடக் கூடாது.

வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். தரையைக் கடந்து வருகிற வறண்ட காற்று, உதடு வெடிக்கும். அந்த மாதங்களில் தென்மேற்காகப் போகிற கிண்ணியா, தம்பலகாமம் வழிகள் நல்லவை. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். அப்போது கரையோரமாக வடக்கே போகிற நிலாவெளி, குச்சவெளி வீதி சரி. கார்த்திகையிலும் மார்கழியிலும் மழை பலமாக இருக்கும், வீதியோரப் பள்ளங்களில் ஆழம் தெரியாமல் தண்ணீர் நிற்கும்; தொடங்குகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. புதிதாகத் தொடங்க என்னைக் கேட்டால் மாசி, பங்குனி மாதங்களைச் சொல்வேன். காற்று அடங்கியிருக்கும், மழை ஓய்ந்திருக்கும், வயல்கள் அறுவடைக்கு நிற்கும்.

சைக்கிளைத் தயார் செய்தல்

விலை கூடிய பந்தயச் சைக்கிள் தேவையில்லை. வீட்டில் இருக்கிற சாதாரண லுமாலாச் சைக்கிள் போதும். நகரச் சுற்றும் நிலாவெளியும் அதிலேயே போகலாம். கியர் உள்ள சைக்கிள் வாங்குவதென்றால், 28 முதல் 32 மில்லிமீற்றர் அகலமான டயர் போடக்கூடியதாகப் பாருங்கள். கடற்கரை வீதிகளின் ஓரத்தில் மணல் படிந்து கிடக்கும். ஒல்லி டயர் அந்த மணலில் திடீரென்று வழுக்கும்.

ஆசன உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஒரு பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் அளவாக மடங்கியிருக்கும். இங்கே வாடகைச் சைக்கிள்களை ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஆசனம் தாழ்வாக இருக்கவே ஓட்டிவிட்டு, மறுநாள் முழங்கால் வலி என்கிறார்கள். ஐந்து நிமிட வேலை அது, ஒரு சாவி போதும்.

பிரேக் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். டயரைக் கட்டைவிரலால் அமுக்கினால் சற்றே உள்வாங்க வேண்டும். கல் போல் இறுகக் காற்று அடிக்காதீர்கள். பத்து மணிக்குப் பிறகு தார் கொதிக்கும், அந்தச் சூடு டயரிலும் ஏறும்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு புது டியூப், ஒட்டுப் போடுகிற பசையும் இறப்பர்த் துண்டும், டயர் கழற்றுகிற நெம்பு இரண்டு, காற்றடிக்கிற கைப்பம்ப், கொஞ்சம் காசு, இரண்டு பைக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, சர்க்கரைத் தூள்). ஆபத்து வந்தால் இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. இரண்டையும் கைபேசியில் பதிந்துவையுங்கள். தலைக்கவசத்தைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. அது இல்லாமல் ஏறாதீர்கள்.

டியூப் மாற்றுவதை வீட்டிலேயே இரண்டு முறை பழகிவிட்டு வெளியே போங்கள். கும்புறுப்பிட்டிக்கு அருகில் ஒருமுறை எனக்குப் பின்சக்கரம் இறங்கியது. அவசர அவசரமாகப் புது டியூபைப் போட்டேன். நூறு யார் தூரம் போவதற்குள் அதுவும் இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டே ஒரு சைக்கிள் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் வயதானவர். டியூபை வாங்கி அருகில் வைத்துவிட்டு, வெறும் டயரின் உட்பக்கத்தைப் பெருவிரலால் மெல்ல மெல்லத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. “தம்பி, முள்ளை உள்ளே விட்டுவிட்டு டியூபை மாற்றி என்ன பயன்?” என்றார். ஊசியால் நெம்பி எடுத்துக் காட்டினார்: நெருஞ்சி முள்ளின் நுனி, ஒரு கடுகளவு. பிறகு டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தைக் குச்சியால் அடையாளமிட்டார். உப்புத்தாளால் தேய்த்தார், பசை பூசினார். பூசியவுடன் ஒட்டவில்லை. பசையின் மினுக்கம் மங்கும்வரை ஊதிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் இறப்பர்த் துண்டை வைத்தார். ஈரப் பசையில் ஒட்டினால் வெயிலில் கழன்றுவிடும் என்றார். அந்த ஒட்டு அந்த டியூப் தேய்ந்து கழியும்வரை நின்றது.

நேரமும் தண்ணீரும்

விடிவதற்குச் சற்று முன் புறப்படுங்கள். ஏறத்தாழ ஆறு மணிக்கு வெளிச்சம் வரும். ஒன்பதரைக்குள் வீடு திரும்புவது போல் தூரத்தைக் கணக்குப் பாருங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். முன்னால் ஒரு வெள்ளை விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் வீதி வெறுமையாக இருப்பதில்லை. மாடுகள் இரவுச் சூடு மிஞ்சியிருக்கிற தார் மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும், கறுப்பு மாடு இருட்டில் கண்ணுக்கே தெரியாது. மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு பறக்கும். அவர்களுக்கு ஐஸ் கரைவதற்குள் சந்தைக்குப் போக வேண்டும், வழி விடுங்கள்.

மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டினால் ஒரு போத்தலில் ஜீவனி கரைத்துக்கொள்ளுங்கள், அல்லது வழியில் செவ்விளநீர் வாங்குங்கள். வெறும் வயிற்றில் புறப்படாதீர்கள். ஒரு பணிஸும் பிளேன் ரீயும் நிலாவெளி வரை தாங்கும்.

முதல் வாரம்: நகரச் சுற்று

ஆறேழு கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். கோட்டை வாசலில் தொடங்கி, டச்சுக் குடாக் கடற்கரையோரமாகப் போய், உட்துறைமுக வீதியால் உவர்மலையில் ஏறி இறங்கித் திரும்புங்கள். உவர்மலை ஏற்றம்தான் உங்கள் கியர்ப் பள்ளிக்கூடம். ஏற்றம் தொடங்கிக் கால் இறுகிய பிறகு கியரை மாற்றினால் செயின் கிறீச்சிட்டுக் கழன்றுவிடும். ஏற்றம் கண்ணில் பட்டதுமே இலேசான கியருக்கு மாற்றிவிட்டு, உட்கார்ந்தபடி சீராக மிதியுங்கள். கியர் இல்லாத சைக்கிள் என்றால் அடிவாரத்தில் கொஞ்சம் வேகம் எடுத்து, பாதியில் எழுந்து நின்று மிதிக்கலாம். இறங்கித் தள்ளினாலும் குறையில்லை.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ கோணேசர் மலைக்கு ஏறுங்கள். கோட்டை வாசல் ஒடுக்கமானது, அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு உள்ளே போங்கள். போர்த்துக்கேயர் 1622இல் மலைக்கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு 1624இல் கட்டிய கோட்டை இது; பிரெட்ரிக் என்ற பெயர் பிரித்தானியர் காலத்தில் வந்தது. உள்ளே மரநிழலில் மான்கள் மேயும். அவை சைக்கிளுக்குப் பயப்படுவதில்லை, அதுதான் சிக்கல்: பழம் தருவீர்கள் என்று குறுக்கே வந்து நிற்கும். மெதுவாகப் போங்கள், பொலித்தீனில் சுற்றிய எதையும் அவற்றுக்குக் கொடுக்காதீர்கள். கோயிலுக்குள் போக நினைத்தால் ஒரு வேட்டியோ சாரமோ பையில் இருக்கட்டும். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் ஓரத்தில் நின்று கீழே கடலைப் பார்க்கும்போது, அன்றைய காற்று எந்தத் திசை என்பதை அலையின் முகத்திலேயே படிக்கலாம். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற விழ வேண்டி வரும்.

இரண்டாவது வாரம்: நிலாவெளி

புல்மோட்டை வீதியில் உப்புவெளி, சாம்பல்தீவு கடந்து நிலாவெளி வரை ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர். முழுவதும் சமதரை. புதியவருக்கு இதைவிட நல்ல வழி எங்கள் மாவட்டத்தில் இல்லை. உப்புவெளியில் வீதியோரமாகப் பொதுநலவாயப் போர்ச் சமாதிகள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின, அந்தப் போர்க்காலத்தில் இறந்தவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். புல் ஒழுங்காக வெட்டியிருக்கும், வரிசை வரிசையாகப் பெயர்க்கற்கள். இறங்கி ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். கற்களில் இருக்கிற வயதுகள் இருபது, இருபத்திரண்டு.

சாம்பல்தீவுப் பாலத்தில் காற்று பக்கவாட்டாக அடிக்கும். வீடுகளும் மரங்களும் மறைத்திருந்த காற்று பாலத்தில் ஏறியதும் ஒரே தள்ளாகத் தள்ளும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கையைத் தளர்த்தி, உடம்பைச் சற்றுத் தாழ்த்தி ஓட்டுங்கள். பாலத்தின் ஓரத்தை ஒட்டிப் போகாமல் ஒரு முழம் உள்ளே வாருங்கள், தள்ளினாலும் இடம் இருக்கும்.

பஸ்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வீதியில் பின்னால் நீண்ட ஹோர்ன் கேட்டால், “நான் முந்தப் போகிறேன், நீ உன் கோட்டில் இரு” என்று அர்த்தம். பயந்து திடீரென்று மணலுக்குள் இறங்காதீர்கள். விழுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் விழுகிறார்கள். வளையாமல் நேராகப் போங்கள். வீதியோர நாய் துரத்தினால் வேகம் எடுப்பது வீண். நின்று இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அதற்கு அலுத்துவிடும்.

நிலாவெளியில் காலை நேரத்தில் கரைவலை இழுப்பார்கள். கயிற்றின் இரு பக்கமும் ஆட்கள் பின்னோக்கி நடந்து இழுக்க, வலையின் மடி கரைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு ஒரு தேநீர் குடிக்கலாம். எதிரே தெரிகிற புறாமலைக்குப் போக நினைத்தால் அதை இன்னொரு நாளுக்கு வையுங்கள். படகும் கடல் குளியலுமாக வெயில் உச்சிக்கு வந்துவிடும், பிறகு சைக்கிளில் திரும்புவது கொடுமை.

மூன்றாவது வாரம்: கன்னியா

இது உங்கள் மேடுபள்ளப் பயிற்சி. அனுராதபுர வீதியில் எட்டுக் கிலோமீற்றரளவு போய், கன்னியாவுக்கான பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். வீதி அகலம், ஆனால் டிப்பர்களும் லொறிகளும் வேகமாக வரும். அலை அலையாகச் சிறிய ஏற்றங்கள் வரும், ஒவ்வொரு இறக்கத்திலும் கிடைக்கிற வேகத்தை அடுத்த ஏற்றத்தின் பாதி வரை கொண்டுபோகப் பழகுங்கள். அது கைவந்தால் தூரம் பாதியாகக் குறைந்தது போல் இருக்கும்.

கன்னியாவில் ஏழு சிறிய வெந்நீர்க் கிணறுகள் அருகருகே இருக்கின்றன, சூடு கிணற்றுக்குக் கிணறு சற்று மாறும். தாய்க்கு இறுதிக் கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது எங்கள் ஊர் ஐதீகம். இன்றும் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிற குடும்பங்களை அங்கே காணலாம். அவர்கள் குளித்து முடிக்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள், படம் எடுக்காதீர்கள். வெயிலில் ஓட்டி வந்த உடம்பில் உடனே வெந்நீர் ஊற்றக் கூடாது. நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கிய பிறகு ஊற்றினால் காலின் இறுக்கம் விட்டுப்போகும்.

கன்னியாவோடு திரும்பிவிடுங்கள். அதே வீதியில் பன்குளம், முதலிக்குளம் என்று போனால் காடு. யானை வீதியைக் கடக்கும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கமும் அப்படித்தான். அந்தப் பகுதிகளில் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் சைக்கிளில் இருக்கவே கூடாது. வீதியில் புதிதாக விழுந்த இலத்தியோ முறிந்த கிளையோ கண்டால் திரும்பிவிடுங்கள். மோட்டார் வாகனக்காரர்கள் தப்பிப் போகிற இடத்தில் நம்மால் தப்ப முடியாது.

நான்காவது வாரம்: கிண்ணியா, தம்பலகாமம் வட்டம்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். கச்சான் காலத்தில் காலையில் கிண்ணியாப் பக்கமாகப் புறப்பட்டு, தம்பலகாமம் வழியாகப் பிரதான வீதிக்கு வந்து, காற்று முதுகில் இருக்க வீடு திரும்புங்கள். முப்பது கிலோமீற்றரைக் களைப்பில்லாமல் ஓட்டிய பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

பாலையூற்று கடந்து சீனக்குடா. பற்றைகளுக்கு நடுவே பிரித்தானியர் காலத்துப் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்பது இந்தப் பகுதியில்தான். வழியில் எங்கே தண்டவாளத்தைக் கடந்தாலும் அதைக் குறுக்கே நேராகக் கடவுங்கள். சரிவாகப் போனால் முன்சக்கரம் தண்டவாள இடுக்கில் மாட்டும். பிறகு மட்டக்களப்பு வீதியில் வெள்ளைமணல் கடந்து கிண்ணியாப் பாலம். 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர் நீளம். அதற்கு முன் இங்கே பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கயிற்றால் இழுக்கிற மிதவையை. மூத்தவர்களிடம் கேட்டால் பாதைக்குக் காத்திருந்த மணித்தியாலங்களைக் கதை கதையாகச் சொல்வார்கள். பாலத்தின் உச்சியில் சைக்கிளை நிறுத்தாதீர்கள். இறங்கிய பிறகு ஓரமாக நின்று பாருங்கள், ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா.

கிண்ணியாவில் எருமைத் தயிர் சாப்பிடாமல் போகக் கூடாது. மண்சட்டியைச் சரித்தாலும் அசையாத தயிர், மேலே பழுப்பு ஆடை. ஒரு சிறிய சட்டியை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள், அதற்கு மேல் சாப்பிட்டுவிட்டு எதிர்காற்றில் மிதிக்க முடியாது. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மாத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை இருக்காது. உங்கள் சாப்பாட்டைக் கொண்டுபோங்கள், ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து தம்பலகாமத்துக்குத் திரும்பியதும் உலகம் மாறிவிடும். இரு பக்கமும் வயல், வாய்க்கால், கொக்குகள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற நிலம் இது. குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயில் திருப்பணிக்காக அந்தக் குளத்தைக் கட்டுவித்தான் என்று கதை. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியிலும் சிறுபோக அறுவடை ஆவணி, புரட்டாசியிலும் வரும். அப்போது வீதியின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஓட்டாதீர்கள். அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு; தவிர, டயருக்கு அடியில் நெல் பாசி போல் வழுக்கும். எதிரே வாகனம் வந்தால் நின்று விட்டுவிட்டுப் போங்கள். ஆதி கோணநாயகர் கோயில் வாசலில் நிழல் உண்டு. போத்தலை நிரப்பிக்கொண்டு பிரதான வீதிக்கு ஏறுங்கள். அங்கிருந்து நகருக்கு இருபதுக்குச் சற்று மேற்பட்ட கிலோமீற்றர், கச்சான் உங்களைக் கொண்டுவந்து விடும்.

வழியில் தூரம் கேட்டால் “இன்னும் மூன்று கட்டை” என்பார்கள். கட்டை என்றால் மைல். மூன்று கிலோமீற்றர் என்று எண்ணிக்கொண்டு கடைசித் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள், ஏறத்தாழ ஐந்து வரும். உண்மையிலேயே முடியவில்லை என்றால் ஓர் ஆட்டோவை நிறுத்துங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் சைக்கிள் பின் ஆசனத்தில் உங்களோடு வந்துவிடும்.

அதற்குப் பிறகு: குச்சவெளி

போக முப்பத்துமூன்று கிலோமீற்றர், வர முப்பத்துமூன்று. வாடை இலேசாக வீசுகிற தை மாதக் கடைசியில், வானம் வெளித்த ஒரு நாளில் போங்கள். நிலாவெளி வரை உங்களுக்குத் தெரிந்த வீதி. இறக்கக்கண்டிப் பாலம் கடந்தால் வீடுகள் குறையும், கடைகளும் குறையும். தண்ணீரைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிரப்பிவிடுங்கள். கும்புறுப்பிட்டிப் பக்கத்தில் வாடை முகத்தில் உறைக்கும். அப்போது இரண்டு பேராகப் போனால் பயன் தெரியும்: ஒருவர் முன்னால் காற்றை வாங்க, மற்றவர் ஒரு சக்கர இடைவெளியில் பின்னால் ஒதுங்கி வரலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் பள்ளத்தையும் மணலையும் கையால் காட்டிக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருகிறவருக்கு வீதி தெரியாது. குச்சவெளிக் கரையில் பாறைகள் கடலுக்குள் இறங்கியிருக்கும். அங்கே கொண்டுபோன இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டு, அரை மணித்தியாலம் ஓய்ந்துவிட்டுத் திரும்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகுமுன் சைக்கிளைக் கழுவுங்கள். கரையோரம் ஒரு நாள் ஓட்டினால் போதும், செயினில் உப்பு ஏறி மறுநாளே செம்மண் நிறம் காட்டும். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு பழைய பல்துலக்கி. செயினைத் துடைத்துக் காயவிட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிடுங்கள். கடைசியாக இரண்டு டயரையும் விரலால் தடவிப் பாருங்கள். நெருஞ்சி இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம்.